அத்தியாயம் 6: சாவியை வாங்கிய பிறகு

சாம்பாரில் உப்பு கூடிப்போன கல்யாணத்தை நாலு நாளில் மறந்துவிடுவார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் காரில் கோடு விழுந்த கல்யாணம், அந்த மாப்பிள்ளையின் பிள்ளைக்குக் காது குத்தும்போதும் பேச்சில் வரும். வேலட் பார்க்கிங் எடுத்து நடத்த வருகிறவர் இதைத் தெரிந்துகொண்டு வரவேண்டும்.

ராயகிரி மாதிரி ஒரு பேரூராட்சியில் இதற்கெல்லாம் என்ன வேலை என்று கேட்பவர்கள், வளர்பிறை முகூர்த்தம் ஒன்றுக்கு வந்து தெருவைப் பார்க்கட்டும். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ராத்திரியெல்லாம் ஓட்டிவந்த கார்கள், புனலூர், கொல்லம் பக்கமிருந்து செங்கோட்டை வழியாக ஏறிவந்த கேரள வண்டிகள், ராஜபாளையத்து உறவுக்காரர்கள், சங்கரன்கோவில் ஜவுளிக்காரர்கள் எல்லாரும் ஒரே முக்கால் மணி நேரத்தில் ஒரே தெருவுக்குள் வருகிறார்கள். தெருவிலோ ஏற்கெனவே பந்தக்கால், சமையல்காரரின் விறகு லாரி, திண்ணையோரம் கட்டிய மாடு. வந்தவர் இறங்கி நேரே தாலி கட்டுவதைப் பார்க்கப் போகட்டும், வண்டியை நாம் பார்த்துக்கொள்வோம் என்பதுதான் நாம் விற்கும் சரக்கு.

ஆள் எடுக்கும்போது எல்லாரும் நல்ல டிரைவரைத் தேடுகிறார்கள். நான் முதலில் தேடுவது மேஜையில் உட்காரப்போகும் ஆளை. வண்டி ஓட்டத் தெரிந்த பையன்கள் ஊருக்கு ஐம்பது பேர் கிடைப்பார்கள். எட்டு மணி நேரம் இடத்தை விட்டு எழுந்திருக்காமல், யார் வந்து கேட்டாலும் டோக்கனைப் பார்க்காமல் சாவியை எடுக்காமல் இருக்கிற ஆள் ஒருவர் கிடைப்பது கஷ்டம். ரேஷன் கடையிலோ கூட்டுறவு சங்கத்திலோ கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர் யாராவது இருந்தால் விடாதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. 1998 ஆகஸ்ட் 1 அன்று இரவு டெல்லி தாஜ்மகால் ஹோட்டலுக்கு ஒருவர் மாருதி ஜென் காரில் வந்தார். சாவியை வேலட்டிடம் கொடுத்து, டோக்கனை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நள்ளிரவு தாண்டி ஒரு மணி வாக்கில் வெளியே வந்து வண்டியைக் கேட்டால், வேறு யாரோ எடுத்துப்போய்விட்டதாகச் சொன்னார்கள். நடந்தது இதுதான். மூன்று இளைஞர்கள் வேறொரு காரில் வந்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தங்கள் வண்டியை வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். அந்தச் சந்தடியில் ஒருவன் ஜென்னின் சாவியை எடுத்துக்கொண்டு, நிறுத்தியிருந்த இடத்துக்கே போய் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். காவலாளி நிறுத்தச் சொன்னதற்கு வேகத்தைக் கூட்டியதுதான் பதில்.

காப்பீட்டு நிறுவனம் காரின் சொந்தக்காரருக்கு 2,80,000 ரூபாய் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தைக் கேட்டு ஹோட்டலைத் துரத்தியது. ஹோட்டல் நீட்டிய ஆயுதம் அந்த டோக்கன்தான். வண்டி விருந்தாளியின் சொந்தப் பொறுப்பில் நிற்கிறது, களவு போனாலும் சேதமானாலும் நிர்வாகம் பொறுப்பல்ல என்று அதில் அச்சடித்திருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019 நவம்பர் 14 அன்று, அதாவது நம் தென்காசி தனி மாவட்டமாகத் தொடங்கிவைக்கப்படுவதற்கு எட்டே நாள் முன்பு, தீர்ப்பு வந்தது. சாவியை வாங்கி வண்டியைக் கைவசம் எடுத்துக்கொண்டவர், தன் அஜாக்கிரதையால் வந்த நஷ்டத்திலிருந்து ஒரு துண்டுச் சீட்டின் வாசகத்தைக் காட்டித் தப்பிக்க முடியாது. வெளியாள் கைக்கு எட்டாதபடி சாவியை வைக்கத் தவறியது அஜாக்கிரதைதான் என்றது நீதிமன்றம்.

இதற்கு அடியில் இருப்பது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். ஒருவர் தன் பொருளை நம்பி இன்னொருவரிடம் ஒப்படைப்பது பற்றி 148-ஆம் பிரிவு பேசுகிறது. வாங்கிக்கொண்டவர், சாதாரண விவேகமுள்ள மனிதர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 151-ஆம் பிரிவு. ஆகவே "சொந்தப் பொறுப்பில்" என்று ரப்பர் ஸ்டாம்பு குத்துகிற செலவை மிச்சம் பிடித்து, அந்தக் காசில் பூட்டு வாங்குங்கள். கை காட்டி இடம் மட்டும் சொல்கிறீர்கள், வந்தவரே நிறுத்திப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொள்கிறார் என்றால் அந்தக் கதை வேறு. சாவி உங்கள் கைக்கு வந்த நிமிஷத்திலிருந்து நிலைமை மாறுகிறது. எந்த வேலைக்கு ஒப்புக்கொள்கிறீர்கள் என்பதைக் கல்யாண வீட்டாரிடம் முன்கூட்டியே தெளிவாகப் பேசிவிடுங்கள். மூன்றாம் நபருக்கு ஏற்படும் சேதத்தையும், உங்கள் கைவசம் இருக்கும் வண்டிக்கு ஏற்படும் சேதத்தையும் சேர்த்து ஏற்கிற பொறுப்புக் காப்பீடு எடுக்க முடியுமா என்றும் முகவரைக் கேளுங்கள்.

மேஜையும் டோக்கனும்

சாவிப் பலகை வாசலைப் பார்த்து இருக்கக்கூடாது. மேஜைக்குப் பின்னால், உட்கார்ந்திருப்பவர் திரும்பினால் மட்டும் கை எட்டும் தூரத்தில், மூடிப் பூட்டுகிற பெட்டிக்குள் எண் போட்ட கொக்கிகள். டிரைவர் பையன் உள்ளே கைவிட்டு எடுக்கக்கூடாது; மேஜைக்காரர்தான் எடுத்துக் கொடுப்பார். அவர் சாப்பிடப் போனால் பெட்டி பூட்டப்பட்டு, பொறுப்பு எழுதி இன்னொருவர் கைக்கு மாறும். முதலாளி நீங்களே வந்து கேட்டாலும் இதே சட்டம்தான். அவர் உங்களைக் கோபித்துக்கொண்டால் ஆள் சரியாகத்தான் அமைந்திருக்கிறார் என்று சந்தோஷப்படுங்கள்.

டோக்கன் மூன்று துண்டு. ஒன்று விருந்தாளிக்கு, ஒன்று சாவியோடு, ஒன்று வண்டியின் முன்கண்ணாடிக்கு உள்ளே. டோக்கன் எண்ணோடு முழுப் பதிவெண்ணையும் எழுதுங்கள். கடைசி நாலு எண் போதும் என்று ஆரம்பித்தவன் நானும்தான். ஒரே கல்யாணத்தில் டிஎன் 76-இல் ஒரு வெள்ளை ஸ்விஃப்ட், டிஎன் 79-இல் ஒரு வெள்ளை ஸ்விஃப்ட், இரண்டுக்கும் நாலு எண்ணும் ஒன்று. ஒரு குடும்பத்தின் பட்டுப்புடவைப் பையோடு இன்னொரு குடும்பம் வாசுதேவநல்லூர் வரை போய்விட்டுத் திரும்பிவந்தது. 2021-இல் வந்த பிஎச் வரிசைப் பலகையில் எண் நடுவிலும் எழுத்து கடைசியிலும் இருக்கும் என்பதையும் எழுதுகிறவருக்குச் சொல்லிவையுங்கள்.

வாங்கும்போது நாலு பக்கமும் செல்போனில் ஒரு படம், டாஷ்போர்டில் கிலோமீட்டரும் பெட்ரோல் முள்ளும் தெரிய ஒரு படம். பழைய கோடு இருந்தால், "இது முன்னமே இருக்கு அண்ணாச்சி, எழுதிக்கிடுதேன்" என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லி எழுதவேண்டும். அப்புறம் இரண்டு கேள்வி, தவறாமல்: "நகை, பணம், போன் எல்லாம் எடுத்துக்கிட்டியளா? பின்னாடி யாரும் தூங்குதாங்களா?" இரண்டாவது கேள்வியைக் கேட்டால் சிலர் சிரிப்பார்கள். அதோடு நிற்காமல் பின்கதவைத் திறந்து ஒரு தடவை பாருங்கள். ராத்திரிப் பயணத்தில் அசந்துபோன பிள்ளை, முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவே சரிந்து, போர்வைக்குள் கிடக்கும். ஆளுக்கு ஆள் "அவங்ககூட இறங்கிட்டான்" என்று நினைத்திருப்பார்கள். வெயிலில் பூட்டிய காருக்குள் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

பட்டனை அழுத்திக் கிளப்பும் வண்டிகள் இப்போது பெருகிவிட்டன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சொந்தக்காரர் எஞ்சினை ஓடவிட்டு இறங்கி, சாவியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போய்விடுவார். வண்டி கீச்சுக் கீச்சென்று கத்துமே தவிர நிற்காது. பையன் தோப்பு வரை ஓட்டிப்போய் அணைப்பான். அதோடு சரி, மறுபடி கிளம்பாது. அதற்குப் பின்னால் பத்து வண்டி. மணமேடையில் நிற்கிறவரிடம் போய்ச் சாவி கேட்கவேண்டும். சாவி கையில் வராமல் சீட்டில் உட்காராதே என்று பையன்களுக்கு முதல் நாளே சொல்லுங்கள், மறுநாள் காலையிலும் ஒரு தடவை சொல்லுங்கள்.

நிலத்தைப் பகலில் நடந்து பாருங்கள்

நம் ஊரில் பல அடுக்கு நிறுத்தம் எதுவும் இல்லை. தரிசும் தோப்பும் அறுவடை முடிந்த வயலும்தான். கட்டட விதிக் கணக்கில் ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். இரண்டு வரிசைக்கு நடுவே வண்டி திரும்ப 6 மீட்டர் பாதை விட்டால், பாதையும் சேர்த்துக் காருக்குச் சுமார் 20 சதுர மீட்டர் ஆகிறது. ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். காகிதத்தில் 200 கார் நிற்கும். வரப்பு, மரம், மோட்டார் ரூம், கோணல் மூலை எல்லாம் போக 110-க்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். சாவி நம்மிடம் இருப்பதால் ஒன்றன்பின் ஒன்றாக இரட்டை வரிசையில் நிறுத்தலாம்; ஆனால் கேரளத்துக்குத் திரும்புகிறவர்கள், ரயிலைப் பிடிக்கப் போகிறவர்கள் இவர்களை வாங்கும்போதே கேட்டு வெளி வரிசையில் விடுங்கள். சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டு, வரிசைக்கு எழுத்தும் இடத்துக்கு எண்ணும் கொடுத்தால் "வேப்பமரத்துக்கு அங்கிட்டு" என்கிற முகவரியெல்லாம் ஒழியும்.

நிலத்தை முதல் நாள் மாலை, வெளிச்சம் இருக்கும்போதே, செருப்புக் காலோடு மூலைக்கு மூலை நடந்துவிடுங்கள். தேடவேண்டிய முதல் விஷயம் கிணறு. நம் பக்கத்துத் தோட்டங்களில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் இன்னும் இருக்கின்றன. விளிம்பில் செடி மண்டி, பகலிலேயே பத்தடி தள்ளித்தான் தெரியும். இருட்டில் ரிவர்ஸ் எடுக்கும் வெளியூர்ப் பையனுக்கு அது தெரியவே தெரியாது. கிணறு இருந்தால் கயிறும் சிவப்புத் துணியும் கட்டினால் போதும் என்று சொல்வார்கள். நான் அந்த நிலத்தையே வேண்டாம் என்பேன். வேறு வழி இல்லையென்றால் இருபது அடி தள்ளி டிராக்டர் டிரெய்லரைக் குறுக்கே நிறுத்துங்கள்.

அடுத்தது தரை. கரிசல் மண் ஒரு மழைக்குத் தாங்காது. ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தம் என்றால் செம்மண் தரிசைப் பிடியுங்கள், இழுக்க ஒரு டிராக்டருக்கும் சொல்லிவையுங்கள். அறுவடை முடிந்த வயலில் காய்ந்த தாள் முழங்கால் உயரம் நின்றால் அதன்மேல் காரை ஏற்றக்கூடாது. ஓடிவந்த வண்டியின் அடியில் சைலன்சர் குழாயும் அதையொட்டிய காட்டலிடிக் கன்வர்ட்டரும் கொதிக்கும். காய்ந்த தாளில் தீப் பிடிக்க அது போதும். தாளை மடக்கி உழுதுவிடச் சொல்லுங்கள், இரண்டு தீயணைப்பான், நாலு வாளி மணல் வையுங்கள். தென்னைக்கு நேர் கீழே நிழல் இருக்கிறதே என்று நிறுத்திவிட்டு மட்டையோ காயோ விழுந்தால் முன்கண்ணாடிக்குப் பதில் சொல்லப்போவது நீங்கள்தான்.

ஓடையில் மட்டும் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். வருஷத்தில் பத்து மாதம் மணலாகக் கிடக்கும் ஓடை, சமதளமாக, அகலமாக, வாடகை இல்லாமல் நம்மை அழைக்கும். மலை அடிவாரத்தில் இருக்கிறோம் என்பதை மறந்துவிடுகிறோம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று காட்டாற்று வெள்ளம் பாய்ந்து, குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். மழை பெய்தது மேலே மலையில். கீழே நிற்பவருக்கு வானத்தைப் பார்த்து அது தெரியாது. மனிதன் ஓடியாவது பார்ப்பான், பூட்டி நிறுத்திய கார் எங்கே ஓடும்?

எத்தனை பேர் வேண்டும்

இதற்கு மனக்கணக்கே போதும். முகூர்த்தத்துக்கு முந்தைய 45 நிமிடத்தில் 60 கார் வரும் என்று வையுங்கள். ஒரு வண்டியை வாங்கி, தோப்புக்கு ஓட்டி, நிறுத்தி, நடந்து திரும்ப 6 நிமிடம் ஆகிறது என்றால் ஒரு பையன் ஏழு வண்டி, மிஞ்சினால் எட்டு வண்டி பார்ப்பான். எட்டு பேர் வேண்டும். நேரமெல்லாம் போவது நடந்து திரும்புவதில்தான். பைக்கில் ஒருவரைப் போட்டுத் தோப்பிலிருந்து பையன்களை ஏற்றிவந்தால் சுற்று 4 நிமிடமாகச் சுருங்கும். ஆறு பேரும் ஒரு பைக்கும் போதும். தோப்பு ரொம்ப தூரம் என்றால் வேலட்டை விட்டுவிட்டு, விருந்தாளிகளே நிறுத்தட்டும், வேனில் ஏற்றிவருவோம் என்று மாற்றிக்கொள்வது நல்லது. சபரிமலையில் 2018 வெள்ளம் பம்பையைச் சிதைத்த பிறகு நிலக்கல்லில் வண்டிகளை நிறுத்திப் பேருந்தில் ஏற்றியதும் இந்த வழிதான்.

பையன்களின் ஓட்டுநர் உரிமத்தை டிஜிலாக்கரில் திறந்து காட்டச் சொல்லிப் பாருங்கள், ஜெராக்ஸ் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்துக்குப் பிறகு, பதினெட்டு வயது ஆகாதவர் ஓட்டிக் குற்றம் செய்தால் வண்டியின் சொந்தக்காரருக்கே 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் விதிக்க இடமிருக்கிறது. விருந்துக்கு வந்தவரை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தலாமா? "பிளஸ் டூ படிக்கான், ஆனா டிராக்டரே ஓட்டுவான்" என்று சிபாரிசோடு வரும் பிள்ளையை டோக்கன் எழுத உட்காரவையுங்கள்.

டிராக்டரும் லோடு ஆட்டோவும் ஓட்டிப் பழகிய கால், ஆட்டோமேட்டிக் காரில் தடுமாறும். இடது கால் இல்லாத கிளட்சைத் தேடிப் பிரேக்கை மிதிக்கும். பதறி எடுத்தால் வண்டி தானாக நகரும். அந்தப் பதற்றத்தில் வலது கால் ஆக்ஸிலேட்டரில் இறங்கும். என் இரண்டாவது வருஷத்தில் ஒரு மண்டபத்து வாசலில் இப்படித்தான் ஒரு பையன் வாழை மரம் கட்டிய வரவேற்புப் பந்தலுக்குள் போய் நின்றான். ஆளுக்கு ஒன்றும் இல்லை. பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி பன்னீர்ச் செம்போடு சுவரோரம் ஒட்டிக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. பம்பருக்கும் பந்தலுக்கும் கொடுத்த பணத்தில் அந்தக் கல்யாணத்தில் எனக்குக் கூலி மிஞ்சவில்லை. அன்றிலிருந்து ஆட்டோமேட்டிக்குக்கு என்று இரண்டு பேரைத் தனியாக வைத்திருக்கிறேன், அவர்கள் கையில் பச்சை ரிப்பன். வலது கால் மட்டும்தான் வேலை செய்யவேண்டும், இடது காலைச் சீட்டுக்கு அடியில் மடக்கி வை என்பது அவர்களுக்கு நான் நடத்தும் முழுப் பாடம். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் விமான நிலையத்தில் 2022-லேயே ஆளில்லாமல் கார் தானே போய் நின்றுகொள்ளும் ஏற்பாட்டுக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். அது இங்கே வரும்போது தெருவில் படுத்திருக்கும் ஆட்டை யார் எழுப்புவார் என்று பார்க்கவேண்டும்.

சாரல் காலத்தில் குற்றாலம்

ஆனி, ஆடியில் குற்றாலத்து விடுதிகளுக்கு இந்த வேலை எடுப்பவர்களுக்கு இரண்டே குறிப்பு. கல்யாணத்தில் கூட்டம் எப்போது கலையும் என்று தெரியும். குற்றாலத்தில் அருவிதான் சொல்லும். பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டிக் குளிக்கத் தடை போட்டதும், ஐந்தருவிக்கும் புலியருவிக்கும் போகலாம் என்று எல்லாரும் ஒரே சமயத்தில் வண்டி கேட்பார்கள். அதனால் அங்கே இரட்டை வரிசை வேண்டாம், வண்டிகளைக் கிளம்பும் முகமாகவே நிறுத்துங்கள். அடுத்தது குரங்கு. கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கிவிட்டுப் போனால் சீட்டில் இருக்கும் சிப்ஸ் பாக்கெட் முதல் ஆர்.சி. புத்தகம் வரை மரத்துக்குப் போய்விடும். வைப்பரைப் பிடித்து ஊஞ்சல் ஆடுவதும் உண்டு.

திரும்பக் கொடுப்பது

வருவது முக்கால் மணி நேரம் என்றால் கிளம்புவது அரை மணி நேரம். கடைசிப் பந்தி எழும்போது எல்லாருக்கும் அவசரம். அப்போது டிப்ஸ் நீட்டுகிறவர் வண்டி முதலில் வரும் என்ற பேச்சு ஒரு தடவை கிளம்பினால் உங்கள் பெயர் போயிற்று. டிப்ஸ் முழுவதும் உண்டியலில். சாயங்காலம் சமமாகப் பங்கு. டோக்கன் வந்த வரிசைதான் வண்டி போகும் வரிசை. பையன்களை முதல் பந்தியிலேயே, பாதிப் பாதியாகச் சாப்பிட வைத்துவிடுங்கள். பசித்த டிரைவர்தான் மோதுவான்.

குடித்துவிட்டு வந்து சாவி கேட்பவரோடு வாதாடாதீர்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் சாராயம் தாண்டினாலே குற்றம் என்ற சட்டமெல்லாம் அவரிடம் எடுபடாது. "வண்டிக்கு முன்னாடி நாலு வண்டி நிக்கி மாமா, செத்த உக்காருங்க" என்று நாற்காலி போட்டுவிட்டு, உள்ளே அவர் வீட்டு அம்மாவுக்கோ மகனுக்கோ ஆள் அனுப்புங்கள். சாவி அவர்கள் கையில்தான் போகவேண்டும், நோட்டில் அவர்கள் கையெழுத்தோடு.

டோக்கனைத் தொலைத்துவிட்டேன் என்பவருக்குப் பதிவெண், ஆர்.சி.யில் உள்ள பெயர், ஏதாவது ஓர் அடையாள அட்டை, கல்யாண வீட்டார் ஒருவரின் சாட்சி, இத்தனையும் வேண்டும். முகம் தெரியும் என்பது கணக்கில் சேராது. டெல்லியில் அன்று சாவி எடுத்தவனும் விருந்தாளி மாதிரிதான் வந்து நின்றான்.

எல்லாம் முடிந்து வாழை மரத்தை அவிழ்க்கும்போது பெட்டியில் ஒரு சாவி மிஞ்சும். பெரும்பாலும் வேனில் கூட்டத்தோடு கிளம்பிப்போனவருடையது. அதை மண்டப மேலாளரிடம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று தோன்றும். கொடுக்காதீர்கள். நோட்டைப் பார்த்து அவரைக் கூப்பிடுங்கள், வண்டிக்கு ஓர் ஆள் காவல் போடுங்கள். இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு பெரியவர் தூங்கி எழுந்து வந்து வண்டி கேட்டார். கொக்கி காலி. பையன்களுக்கு முகம் வெளிறிவிட்டது. மேஜைக்காரர் அவசரப்படாமல் எச்சில் தொட்டு நோட்டைப் புரட்டினார். "எம்பத்திரெண்டு... மூணு மணி பத்து நிமிஷம். உங்க மருமகன் டோக்கனக் குடுத்துக் கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போயிருக்காரு அண்ணாச்சி. மைனியும் பிள்ளைகளும் அதுலதான் போனாங்க. உங்கள எழுப்பலையோ?"